பைக்ல ஆம்ப் கட் ஆகுது, கொய்ங்குனு கத்துது, சிவப்பு லைட் போடுது: புது ஆம்ப் வாங்கறதுக்கு முன்னாடி எதையெல்லாம் பாக்கணும்

பாலக்கோடு பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கான். 150 சிசி வண்டி, ஹெட்லைட் டூம் பக்கத்துல ரெண்டு ஸ்பீக்கர், பின்னாடி ரெண்டு, சீட்டுக்கு அடியில 4 சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), கூட ஒரு ப்ளூடூத் போர்டு. சவுண்டு ஏத்தினா பாஸ் அடிக்கற நேரம் பாத்து ஆம்ப் ஆஃப் ஆகி தானா ஆன் ஆகுதாம், ஆக்சிலேட்டர் முறுக்கினா பாட்டுக்கு கூடவே கொய்ங்ங்னு ஒரு சத்தம் ஏறி ஏறி இறங்குதாம், சில நாள் சிவப்பு லைட் எரிஞ்சு சுத்தமா படுத்துக்குதாம். மாட்டிக் குடுத்தவர் "ஆம்ப் போச்சு, பெருசா ஒன்னு போடு"ன்னு சொல்லிட்டாராம், வாங்கலாமாண்ணான்னு கேக்கறான்.

இப்ப வாங்காத தம்பி. நீ சொன்ன மூணுல ஒன்னு கூட ஆம்ப் செத்துப்போச்சுன்னு உறுதியா சொல்ற அடையாளம் இல்ல. செத்த ஆம்ப் பாஸ் அடிக்கற வரைக்கும் காத்திருந்து கட் ஆகாது. கரண்டு போற வழியில எங்கயோ கோளாறு, அதை கண்டுபிடிக்க 300, 400 ரூபா டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்னு போதும். பெரிய ஆம்ப் போட்டா இன்னும் சீக்கிரம் கட் ஆகும், அவ்வளவு தான் நடக்கும்.

முதல்ல அந்த கட் ஆகற மேட்டர். ஆம்ப்க்கு வர்ற வோல்டேஜ் சுமார் 10க்கு கீழ இறங்கினா பெரும்பாலான ஆம்ப் தன்னை தானே ஆஃப் பண்ணிக்கும், லோடு போனதும் வோல்டேஜ் ஏறும், திரும்ப ஆன் ஆகும். உன் வண்டில அதான் நடக்குதுன்னு நினைக்கறேன். இதை பாக்கறப்ப எல்லாரும் மீட்டரை பேட்டரில வெச்சு பாத்துட்டு "12.6 இருக்கே, பேட்டரி நல்லா தானே இருக்கு"ன்னு விட்டுடறாங்க. பேட்டரில பாக்காத, ஆம்ப்ல பாரு. ஆம்ப்போட ப்ளஸ் ஸ்க்ரூலயும் எர்த் ஸ்க்ரூலயும் மீட்டர் முள்ளை வெச்சுக்கிட்டு, கட் ஆகற அளவுக்கு பாட்டை ஏத்தி விட்டு அந்த நேரத்துல நம்பர் எவ்வளவு இறங்குதுன்னு பாரு. சும்மா இருக்கறப்ப எல்லா வண்டியும் நல்ல வோல்டேஜ் தான் காட்டும். மீட்டர்ல MIN/MAX பட்டன் (கம்மியான, அதிகமான நம்பரை பிடிச்சு வைக்கறது) இருந்தா இன்னும் நல்லது, ஏன்னா சாதா மீட்டர் நிதானமா தான் நம்பரை மாத்தும், பாஸ் அடிச்ச ஒரு நொடில இறங்கி ஏறினது கண்ணுக்கு தெரியாம போயிடும்.

ஆம்ப்ல 10 காட்டுது, அதே நேரம் பேட்டரில 12க்கு மேல நிக்குதுன்னா நடுவுல எங்கயோ 2 வோல்ட் தொலையுது. எங்கன்னு கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கு. பாட்டு ஓடிக்கிட்டே இருக்கட்டும், மீட்டரோட ஒரு முள்ளை பேட்டரி மைனஸ்லயும் இன்னொன்னை ஆம்ப் எர்த் ஸ்க்ரூலயும் வை. 0.1, 0.2 வோல்ட்டுக்குள்ள காட்டினா எர்த் ஓகே. 0.5, 0.9ன்னு காட்டினா உன் திருடன் அங்க தான் இருக்கான். அப்புறம் ப்ளஸ் பக்கமும் அதே மாதிரி, பேட்டரி ப்ளஸ்ல ஒரு முள், ஆம்ப் ப்ளஸ்ல ஒரு முள், 0.5க்கு மேல போனா ஒயரு, ஃப்யூஸ் ஹோல்டரு, ஸ்விட்ச்சு மூணையும் சந்தேகப்படு. துண்டு துண்டா வெச்சு பாத்துக்கிட்டே வந்தா எந்த ஜாயின்ட்ல விழுதுன்னு மீட்டரே காட்டிக் குடுத்துடும்.

எர்த் கோளாறு எப்படி இருக்கும்னா, சேசிஸ்ல ஏதோ ஒரு போல்ட்டை கழட்டி அதுல லக்கை (ஒயர் நுனில இருக்கற வளையம்) மாட்டி டைட் பண்ணிருப்பாங்க. போல்ட்டை திரும்ப கழட்டி லக்கை தூக்கி பாத்தா அடியில கறுப்பு பெயின்ட் பளபளன்னு அப்படியே இருக்கும், லக் வட்டமா ஒரு தடம் மட்டும் பதிச்சிருக்கும், மொத்த கரண்டும் போல்ட்டோட மரை வழியா தான் போயிருக்கும், அதுலயும் துரு. உப்புத்தாள் வெச்சு பெயின்ட்டை தேய்ச்சு வெள்ளை இரும்பு தெரியற வரைக்கும் எடுத்து, லக்கை வெச்சு டைட் பண்ணி மேல கொஞ்சம் கிரீஸ் தடவி விட்டா சரியாகும். ஆனா என் கருத்து என்னன்னா பைக்ல சேசிஸ் எர்த்தே வேணாம், பேட்டரி பக்கத்துலயே தானே இருக்கு, ப்ளஸ் எவ்வளவு தடிமனோ அதே தடிமன்ல மைனஸும் நேரா பேட்டரிக்கே இழுத்துடு, பாதி தலைவலி அங்கயே போயிடும்.

ப்ளஸ் பக்கம் நம்ம ஊர்ல நடக்கற கூத்து வேற. ஆம்ப்க்கு லைனை ஹாரன் ஒயர்லயோ சாவி ஸ்விட்ச் ஒயர்லயோ பிச்சு முறுக்கி டேப் சுத்தி எடுத்துருப்பாங்க, "சாவி ஆஃப் பண்ணா ஆம்ப்பும் ஆஃப் ஆயிடும் பாரு"ன்னு பெருமை வேற. அந்த கம்பெனி ஒயர் ஹாரனுக்கு போட்ட மெல்லிசு ஒயர். கணக்கு போட்டு பாரு. 4 சேனலும் சேர்ந்து 100 வாட் வெளிய குடுக்குதுன்னு வை, ஏபி கிளாஸ் ஆம்ப் (வாங்கறதுல நிறைய சூடா வீணாக்கற வகை) உள்ள வாங்கறது தோராயமா 165 வாட், அதாவது 13 ஆம்பியர். 1 சதுர மில்லி காப்பர் ஒயர்ல மீட்டருக்கு 0.018 ஓம், போக வர 3 மீட்டர்னா 13 ஆம்பியர்ல 0.7 வோல்ட் அங்கயே போச்சு. அது கூட துருப்பிடிச்ச ஃப்யூஸ் ஹோல்டர்ல வெறும் 0.1 ஓம் இருந்தா இன்னொரு 1.3 வோல்ட். மொத்தம் 2 வோல்ட், பேட்டரில 12 இருந்தா ஆம்ப்க்கு 10. உன் ஆம்ப் ஏன் கட் ஆகுதுன்னு இப்ப புரியுதா. அதே 3 மீட்டர் 4 சதுர மில்லி ஒயரா இருந்தா 0.2 வோல்ட் கூட போகாது.

ஒயர் வாங்கறப்ப ஒன்னு கவனி, தடியா இருக்குன்னு ஏமாறாத, நுனியை பிளேடால சுரண்டி பாரு, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அது அலுமினியத்து மேல காப்பர் பூச்சு, காப்பரை விட ஒன்றரை மடங்குக்கு மேல ரெசிஸ்டன்ஸ், ஆட்டத்துல உடையவும் செய்யும். கார் ஆடியோ கிட்டுன்னு சீப்பா விக்கற பாதி ஒயரு இது தான்.

லைன் எடுக்கற முறை இது தான்: பேட்டரி ப்ளஸ்ல இருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள்ள ஃப்யூஸ், அங்க இருந்து ரிலேவோட (சின்ன கரண்டை வெச்சு பெரிய லைனை ஆன் பண்ற ஸ்விட்ச்) 30ம் நம்பர் பின், ரிலே 87ல இருந்து ஆம்ப் ப்ளஸ். ரிலே 86க்கு சாவி ஆன் பண்ணா வர்ற லைன், 85 எர்த்து. சாவி ஒயரு ரிலேவை மட்டும் இழுக்கும், அதுக்கு 0.2 ஆம்பியர் கூட ஆகாது. ஆம்ப்ல ரிமோட்னு தனி ஸ்க்ரூ இருந்தா ரிலே வேலையை அதுவே பாத்துக்கும், சாவி லைனை ரிமோட்டுக்கு குடுத்துட்டு ப்ளஸ்சை ஃப்யூஸ் வழியா நேரா பேட்டரிக்கு குடுத்துடலாம். ரிமோட்டையும் பேட்டரில நேரா குடுத்துட்டு "நாலு நாள் நிறுத்தினா செல்ஃப் எடுக்கலை"ன்னு வர்றவங்க நிறைய பேரு. சாவி ஆஃப்ல 50 மில்லி ஆம்பியர் இழுத்தா கூட 8 ஏஎச் (ஆம்பியர் அவர்) பேட்டரி 160 மணி நேரத்துல, அதாவது ஒரு வாரத்துக்குள்ள காலி.

ஃப்யூஸ் போகுதுன்னு பெரிய ஃப்யூஸ் போடறது, சிகரெட் பேப்பர் சுத்தறது, ஒயர் நரம்பை வெச்சு கட்டறது, இதெல்லாம் பண்ணாத. ஒயர் ஓடறது பெட்ரோல் டேங்குக்கு அடியில, ஞாபகம் இருக்கட்டும்.

இப்ப அடுத்தது, பேட்டரிலயே வோல்டேஜ் இறங்குதுன்னா என்ன பண்றது. இஞ்சின் ஆஃப்ல ஃபுல் சார்ஜ் ஆன பேட்டரி 12.6, 12.7 காட்டணும், 12.2ன்னா பாதி தான் இருக்கு. செல்ஃப் அடிக்கறப்ப 10க்கு கீழ போனா பேட்டரிக்கு வயசாயிடுச்சு. இஞ்சின் ஓட்டி 4000 ஆர்பிஎம் பக்கம் பிடிச்சா 13.5ல இருந்து 14.5க்குள்ள வரணும், 13 கூட வரலைன்னா கோளாறு காயில்ல (இஞ்சின் சுத்தறப்ப கரண்டு தயாரிக்கற ஸ்டேட்டர் காயில்) இருக்கும், இல்லன்னா ஆர்ஆர் யூனிட்ல (அந்த கரண்டை டிசியா மாத்தி அளவா குடுக்கற ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) இருக்கும், 15 தாண்டினா ஆர்ஆர் யூனிட் போச்சு, உடனே மாத்து, இல்லன்னா ஆம்ப்போட சேர்ந்து இசியூவும் (இஞ்சினை கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) போகும். இதெல்லாம் சரியா இருந்தும் ஐடில்ல ஹெட்லைட்டோட பாட்டு போட்டா 12.5க்கு கீழ போகுதுன்னா, வண்டி சம்பாதிக்கறதை விட நீ செலவு பண்றது ஜாஸ்தி. பைக் காயில் முழு கரண்டையும் ஐடில்ல குடுக்காது, ஆர்பிஎம் ஏறினா தான் குடுக்கும். அதான் தர்மபுரி நாலு ரோடு சிக்னல்லயும் கிருஷ்ணகிரி ரவுண்டானா டிராபிக்லயும் கட் ஆகற ஆம்ப், ஹைவே ஏறினதும் ஒழுங்கா பாடுது.

சின்ன வண்டில காயில் மொத்தமா குடுக்கறதே 100ல இருந்து 200 வாட்டுக்குள்ள தான். 2017 ஏப்ரல்ல இருந்து வர்ற வண்டில ஹெட்லைட் எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கு, ஹாலஜன் பல்ப்னா அது சுமார் 35 வாட்டு. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 புகை விதி வந்தப்புறம் பெட்ரோல் பம்ப்பு, இன்ஜெக்டரு, இசியூ எல்லாம் அதே காயில்ல தான் குடிக்குது. மிச்சம் தான் உன் ஆம்ப்க்கு. பழைய 100 சிசி வண்டிகள்ல நிலைமை இன்னும் மோசம், ஹெட்லைட்டே காயில்ல இருந்து நேரா ஏசில எரியும், பேட்டரிக்கு கிடைக்கறது துளி. நம்ம பக்கம் ஒரு இன்ச் தண்ணி கூட ஊறாத போர்ல 5 எச்பி மோட்டாரை இறக்கினா என்ன ஆகும், கொஞ்ச நேரம் கொட்டும், அப்புறம் காத்து தான் வரும். பெரிய ஏஎச் பேட்டரி போட்டா அந்த கொஞ்ச நேரம் நீளும், அவ்வளவு தான், ஊறுற தண்ணி அதிகமாகாது. கப்பாசிட்டர் போட சொல்லுவாங்க, பைக்ல அது காசுக்கு கேடு.

இங்கயே வாட் பத்தியும் சொல்லிடறேன். டப்பா மேல 1000 வாட், 4000 வாட்டுன்னு போட்டிருக்கறதை படிக்காத, ஆம்ப் பின்னாடி இருக்கற ஃப்யூஸ் நம்பரை படி. 15 ஆம்பியர் ஃப்யூஸ்னா 15 x 13 = 195 வாட் தான் உள்ளயே போக முடியும், கம்மியா வீணாக்கற டி கிளாஸா இருந்தா அதுல ஒரு 155 வெளிய வரும், ஏபியா இருந்தா 110, 115. அதுவும் உள்ள வோல்டேஜை தூக்கற டிரான்ஸ்ஃபார்மர் செக்‌ஷன் இல்லாம டிடிஏ7388 மாதிரி ஒரே ஐசியை வெச்சு ஓடற குட்டி ஆம்ப்னா, 14.4 வோல்ட்ல 4 ஓம் ஸ்பீக்கருக்கு சேனலுக்கு சுத்தமா 26 வாட்டுக்கு மேல போக வழியே இல்ல, கணக்கே அவ்வளவு தான். 45 வாட்டுன்னு போட்டிருக்கறது அலையெல்லாம் வெட்டுப்பட்டு கிழிஞ்சு அடிக்கறப்ப வர்றது. அந்த கிழிஞ்ச சத்தம் தான் ஸ்பீக்கர் காயிலை எரிக்கும்.

அதனால தம்பி கெயினை குறை. கெயின் வால்யூம் கிடையாது, போன்ல இருந்து வர்ற சிக்னலுக்கு ஆம்ப்பை சரி பண்ற திருகு அது. போனை 80 சதவீதத்துல வெச்சு, கெயினை கீழ இருந்து ஏத்திக்கிட்டே வா, குரல் கரகரக்க ஆரம்பிக்கற இடத்துல இருந்து கொஞ்சம் பின்னாடி வந்து விட்டுடு. பாஸ் பூஸ்ட் ஜீரோ. ஹைபாஸ் ஃபில்டர் (கீழ இருக்கற பாஸை வெட்டறது) இருந்தா 100 ஹெர்ட்ஸ்ல போடு. பாஸ் குறையுமேன்னு கேப்ப, ஓடற பைக்ல 6 இன்ச் ஸ்பீக்கர்ல 50 ஹெர்ட்ஸ் பாஸ் எவன் காதுக்கும் வர்றதில்ல, காத்துல கரைஞ்சுடும், ஆனா பேட்டரில இருந்து அதிகமா கரண்டு உறிஞ்சறது அந்த பாஸ் தான். இதை வெட்டி விட்டாலே பல வண்டில கட் ஆகறது நின்னுடும், சவுண்டும் முன்னை விட ஜாஸ்தியா தான் கேக்கும். காசு செலவே இல்லாத வைத்தியம் இது, ஆனா யாரும் கேக்க மாட்டேங்கறாங்க.

கொய்ங் சத்தத்துக்கு வருவோம். ஆர்பிஎம் கூட சேர்ந்து ஏறுதுன்னா அது சார்ஜிங்ல இருந்து வருது. இஞ்சின் ஓட்டிக்கிட்டே ஆம்ப்ல இருக்கற ஆர்சிஏ பின்னை (ப்ளூடூத் போர்டுல இருந்து பாட்டு சிக்னல் கொண்டு வர்ற ஒயரோட பின்) உருவு. சத்தம் நின்னா அது பாட்டு வர்ற பக்கத்துல இருந்து வருது, நிக்கலைன்னா ஆம்ப்போட சப்ளைல இருந்து வருது, இல்லன்னா எர்த்துல இருந்து. நின்னுச்சா, பின்னை திரும்ப மாட்டு, ப்ளூடூத் போர்டோட சப்ளையை வண்டில இருந்து கழட்டி ஒரு பவர் பேங்க்ல குடு. இப்ப சத்தம் இல்லன்னா கேஸ் முடிஞ்சுது: போர்டும் ஆம்ப்பும் ஒரே பேட்டரில வேற வேற இடத்துல எர்த் எடுத்து நடுவுல வளையம் போட்டுருக்கு. போர்டோட எர்த்தை ஆம்ப் எர்த் ஸ்க்ரூலயே கொண்டு வந்து முடி, அப்பவும் லேசா இருந்தா பி0505எஸ்னு ஒரு குட்டி ஐசோலேட்டட் கன்வெர்ட்டர் எலக்ட்ரானிக்ஸ் கடையில கிடைக்கும், 5 வோல்ட் உள்ள 5 வோல்ட் வெளிய, 1 வாட்டு, ப்ளூடூத் போர்டுக்கு பெரும்பாலும் அது போதும், எர்த்தை தனியா பிரிச்சு குடுத்துடும். ஆக்ஸ் ஒயர்ல மாட்டற கிரவுண்ட் லூப் ஐசோலேட்டரும் வேலை செய்யும், சீப்பானது பாஸை கொஞ்சம் தின்னுடும். போனை வண்டி சார்ஜர்ல போட்டுக்கிட்டே ஆக்ஸ்ல பாட்டு கேட்டா வர்ற சத்தமும் இதே வகை தான்.

பின்னை உருவியும் நிக்கலைன்னா மீட்டரை ஏசி வோல்ட்ல போட்டு, 3000 ஆர்பிஎம்ல பேட்டரி மேல வெச்சு பாரு. 0.5க்கு மேல ஆடினா பேட்டரி காஞ்சு போயிருக்கு இல்ல ஆர்ஆர் யூனிட்ல டையோடு போயிருக்கு, நல்ல பேட்டரி அந்த அலையை தானே விழுங்கிடும். கொய்ங்னு இல்லாம டக் டக் டக்னு பட்டாணி பொரியற மாதிரி வந்தா அது ஸ்பார்க் ப்ளக்ல இருந்து. என்ஜிகே ப்ளக்னா பேருல ஆர் எழுத்து இருக்கான்னு பாரு, பிபிஆர்6இஎஸ்ல நடுவுல வர்ற ஆர் தான் ரெசிஸ்டர் இருக்குன்னு அர்த்தம், பிபி6இஎஸ்ல கிடையாது. ஆர்சிஏ ஒயரை இக்னிஷன் காயில் பக்கமும் ஆம்ப்போட ப்ளஸ் ஒயர் கூடவும் கட்டாம எதிர் பக்கமா கொண்டு போ.

கடைசியா சிவப்பு லைட். இது ரெண்டு வகை. போட்ட உடனே எரியறது ஷார்ட், அரை மணி ஓட்டினப்புறம் எரியறது சூடு. சூடுன்னா காரணம் தேட வேண்டியதே இல்ல, ஆட்டத்துக்குன்னு ஸ்பான்ஜ் சுத்தி, மழைக்குன்னு கேரி பேக் கட்டி, சீட்டுக்கு அடியில திணிச்சு வெச்சா, மே மாச வெயில்ல தொப்பூர் கணவாய்ல லாரிக்கு பின்னாடி ஊர்ந்து ஏர்றப்ப அது எங்க மூச்சு விடும். ஸ்பான்ஜை எடுத்துட்டு ஒரு அலுமினிய தகட்டுல ஆம்ப்பை போல்ட் பண்ணி, தகட்டுக்கு அடியில ரப்பர் புஷ் குடு. தண்ணிக்கு ஆம்ப்பை மூடாத, மேல ஒரு கூரை மாதிரி மறைப்பு போதும். வாட்டர் வாஷ் விடறப்ப மட்டும் சீட்டை திறக்க விடாத.

ஷார்ட்னா ஸ்பீக்கர் ஒயர் எல்லாத்தையும் கழட்டிட்டு ஆன் பண்ணு. லைட் போயிடுச்சுன்னா ஒன்னொன்னா மாட்டு, எதை மாட்டறப்ப திரும்ப எரியுதோ அந்த லைன்ல தான் பிரச்சினை. 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டர்ல 3.2ல இருந்து 3.8 காட்டும், 0.5, 1ன்னு காட்டினா காயில் ஒட்டிக்கிச்சு. அப்புறம் மீட்டரை கன்டினியூட்டில போட்டு ஸ்பீக்கர் ஒயருக்கும் சேசிஸ்க்கும் நடுவுல பாரு, பீப் அடிக்கவே கூடாது. அரூர்ல இருந்து ஒரு 350 சிசி வண்டி வந்துச்சு, நேரா போனா பாடும், இடது பக்கம் ஹேண்டிலை திருப்பினா மட்டும் சிவப்பு லைட். டேங்கை தூக்கி கோன் செட் (ஹேண்டில் திரும்பற பேரிங்) பக்கத்துல பாத்தா ஸ்பீக்கர் ஒயரு ஸ்டாப்பருக்கும் சேசிஸுக்கும் நடுவுல நசுங்கி, தோல் உரிஞ்சு ரெண்டு காப்பர் நரம்பு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு, திருப்பறப்ப அது போய் சேசிஸை தொடுது. ஒரு ஸ்லீவ் போட்டு ஒயரை மேல தூக்கி கட்டினதோட சரி. ஆனா அந்த வண்டிக்கு அதுக்கு முன்னாடி ஒரு ஆம்ப்பை மாத்திட்டு தான் வந்தாங்க.

இன்னொன்னு, பைக் ஒயரிங் பண்ற பழக்கத்துல ஸ்பீக்கர் மைனஸையும் சேசிஸ்ல எர்த் குடுத்துடறாங்க. இண்டிகேட்டருக்கு அது சரி, இந்த ஆம்ப்க்கு ஆகாது, இதுல ஸ்பீக்கரோட ரெண்டு முனையும் உயிருள்ள லைன், ப்ளஸ்ஸும் தள்ளும் மைனஸும் தள்ளும். எர்த்ல தொட்டா ஷார்ட் தான். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ல இருந்து தனி ரெண்டு ஒயர் போகணும், ரெண்டு மைனஸை ஒன்னா சேக்கவும் கூடாது.

ஒரு பக்கம் மட்டும் பாடலைன்னா ஆர்சிஏவை இடம் மாத்து, ஊமை இடம் மாறினா கோளாறு ஒயர் பக்கம், மாறலைன்னா ஆம்ப்ல, இல்லன்னா ஸ்பீக்கர்ல. ஸ்பீக்கர்ல 1.5 வோல்ட் டார்ச் பேட்டரியை தொட்டா டப்புனு கோன் அசையணும்.

ஸ்பீக்கர், ஆர்சிஏ எல்லாம் கழட்டியும் சிவப்பு லைட் எரிஞ்சுக்கிட்டே இருந்தா மட்டும் தான் ஆம்ப்க்கு உள்ள கோளாறு. அப்பவும் தூக்கி போடாத. சாவி போட்ட உடனே ஃப்யூஸ் பட்டுன்னு போகுது, யாரோ எப்பவோ பேட்டரியை மாத்தி மாட்டிருக்காங்கன்னா, உள்ள ப்ளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் குறுக்கால ஒரு டையோடு இருக்கும், தலைகீழா குடுத்தா தன்னை பலி குடுத்து மத்ததை காப்பாத்தறதுக்குன்னே வெச்சது. ஆம்ப்பை வண்டில இருந்து கழட்டிட்டு மீட்டரை டையோடு மோடுல போட்டு அதோட ப்ளஸ், எர்த் ஸ்க்ரூ மேல முள்ளை ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி வெச்சு பாரு, ரெண்டு பக்கமும் பீப் அடிச்சா அந்த டையோடு தான் முதல் சந்தேகம். டிவி ரிப்பேர் பாக்கற யாருகிட்ட குடுத்தாலும் டையோடை மாத்திட்டு, அவுட்புட் ஐசி ஷார்ட் இருக்கான்னும் பாத்து குடுப்பாங்க, டையோடு விலை ஒரு டீ காசு தான்.